ரிச்சி தெருவில் 550 ரூபாய்க்கு மணல் வாங்கினேன்

அக்கா மகள் கோயம்புத்தூரில் கல்லூரி சேர்ந்து விடுதிக்குக் கிளம்பினாள். போகும் முன் எனக்கு ஒரு லிஸ்ட் அனுப்பினாள்: பவர்பேங்க், ஃபாஸ்ட் சார்ஜர், நீளமான டைப்-சி கேபிள், டெம்பர்ட் கிளாஸ். கீழே ஒரு வரி: "மாமா, ரிச்சி ஸ்ட்ரீட்ல எல்லாம் பாதி விலையாமே, உங்களுக்குத்தான் அங்க பழக்கமாச்சே."

அந்தக் கடைசி வரிதான் என்னைக் கவிழ்த்தது. சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் பதினைந்து வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். கம்ப்யூட்டருக்கு ராம், ஹார்ட் டிஸ்க், அப்பாவின் ரேடியோவுக்கு ஒரு கண்டென்சர் என்று எத்தனையோ வாங்கியிருக்கிறேன். பெரிதாக ஏமாந்ததில்லை. அதனால் இதைப் படித்துவிட்டு அந்தத் தெருவே மோசம் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். நான் ஏமாந்தது ஒரே ஒரு கடையில், அதுவும் "எனக்கு எல்லாம் தெரியும்" என்ற தைரியத்தில்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். காசினோ தியேட்டர் பக்கம் இறங்கி நடந்தேன். வழக்கமாகப் போகும் கடையில் கூட்டம் பிதுங்கியது. சரி, வேறு பார்ப்போம் என்று ஒரு குறுக்குச் சந்தில் திரும்பினால், மாடிப்படிக்குக் கீழே நாலடி அகலத்தில் ஒரு கடை. பெயர்ப் பலகை இல்லை. தோரணம் மாதிரி பேக் கவர்கள் தொங்கின. வாசலில் மஞ்சள் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தது: "பவர்பேங்க் 20000 - 550 மட்டுமே".

உள்ளே இருந்த பையனுக்கு இருபது வயது இருக்கும். நல்ல வாய். "வாங்கண்ணா, கம்பெனி பீஸ்ணா, பாக்ஸ் மட்டும்தான் இல்ல, அதான் இந்த ரேட்டு" என்றான். கையில் எடுத்துப் பார்த்தேன். நல்ல கனம். பவர்பேங்க் என்றால் கனம் பார்த்து வாங்கு, லேசாக இருந்தால் டுபாக்கூர் என்று நானே நாலு பேருக்குச் சொன்னவன். அதனால் திருப்தி.

பிறகு அவன் செய்ததுதான் பெரிய வேலை. "டெஸ்ட் பண்ணிட்டு எடுத்துக்கங்கண்ணா, அப்புறம் வந்து கேக்கக் கூடாது" என்று என் போனையே வாங்கிச் சொருகிக் காட்டினான். மின்னல் குறி வந்தது. பவர்பேங்கில் நாலு நீல விளக்கும் எரிந்தது. இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறவன் ஏமாற்றவா போகிறான்? "33 வாட்" என்று அச்சடித்த சார்ஜரையும் அப்படியே செருகிக் காட்டினான். அதன் முதுகில் ஐஎஸ் 13252 என்ற இந்தியத் தர எண், அதன் கீழே ஆர் என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண், எல்லாம் பொடி எழுத்தில் இருந்தன. எண் இருக்கிறதா என்று பார்த்தேன். அது யாருடைய எண் என்று பார்க்கவில்லை.

பேரம் நடந்தது. பவர்பேங்க் 550, சார்ஜர் 300, கேபிள் 100, கிளாஸ் 100. கூட்டினால் 1050. "அந்த அம்பது ரூபாய விடுப்பா" என்றேன், விட்டான். ஆயிரம் ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். திரையில் வந்த பெயர் ஏதோ தனி ஆளின் பெயர். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் "ஆக்சசரீஸ் 1000" என்று கிறுக்கிக் கொடுத்தான். தேதிகூட இல்லை. வீட்டுக்கு வந்து அக்காவிடம், வெளியில் வாங்கினால் மூவாயிரம் ஆகியிருக்கும் என்று அளந்தேன்.

கிளாஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் நாளே ஓரம் தூக்கிக்கொண்டது. 9எச், 11டி என்று அட்டையில் போட்டிருந்தார்கள். 9எச் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் கடினத்தன்மை அளவு. கீழே விழுந்தால் உடையாது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது. "மாமா, சார்ஜ்ல போட்டுட்டு டைப் பண்ணா எழுத்து தானா விழுது. நான் 'வரேன்'னு அடிச்சா என்னென்னமோ போகுது. போன் ரிப்பேரா?" போனில் கோளாறு இல்லை. மலிவான சார்ஜரிலிருந்து வரும் மின்சாரம் சீராக இருக்காது, அந்த இரைச்சல் தொடுதிரையைக் குழப்பிவிடும். சார்ஜரைக் கழற்றிவிட்டு அடித்துப் பார் என்றேன். சரியாக இருந்தது. இன்னொன்றும் சொன்னாள்: போனின் ஓரத்தில் கை பட்டால் சுருசுருவென்று இருக்கிறதாம். அன்றைக்கே அந்த சார்ஜரைத் தூக்கி வைக்கச் சொல்லிவிட்டேன்.

பவர்பேங்க் எப்படி என்று கேட்டேன். இரவு முழுக்க சார்ஜ் போட்டு, நாலு விளக்கும் எரிந்த பிறகு, 12 சதவீதத்தில் இருந்த போனை மாட்டியிருக்கிறாள். 31 வரை ஏறியது, அவ்வளவுதான். விளக்கு நாலிலிருந்து நேராகப் பூஜ்யம். அவள் போன் பேட்டரியின் கொள்ளளவு 5000 எம்ஏஎச். நல்ல 20000 பவர்பேங்க் என்றால் அதை இரண்டு முறைக்கு மேல் நிரப்ப வேண்டும். நாலு முறை நிரம்பாதா என்று கேட்காதீர்கள், நிரம்பாது. உள்ளே இருக்கும் செல்லின் அழுத்தம் 3.7 வோல்ட், வெளியே வருவது 5 வோல்ட். அந்த மாற்றத்திலும் சூட்டிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஒழுங்கான கம்பெனி அதையும் மறைக்காமல் "ரேட்டட் கெபாசிட்டி" என்று 12000 சொச்சம் என்பது போல முதுகில் போட்டிருக்கும். ஆனால் இவளுக்குக் கிடைத்தது ஆயிரம்கூட இல்லை.

விடுமுறைக்கு வந்தபோது இரண்டையும் பல்லாவரத்தில் தெரிந்த சர்வீஸ் கடை அண்ணனிடம் எடுத்துப் போனேன். (நீங்களே வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்பாதீர்கள். லித்தியம் செல்லில் முனை குத்தினால் தீப்பிடிக்கலாம்.) முதலில் சார்ஜரை ஒரு யுஎஸ்பி மீட்டரில் போட்டார். 4.8 வோல்ட், ஒரு ஆம்பியருக்கும் கீழே. அதாவது 33 வாட் என்று எழுதிய சாதனம் ஐந்து வாட்கூட முழுசாகத் தரவில்லை. பட்டன் போன் காலத்து சார்ஜருக்குப் புதுச் சட்டை.

அப்புறம் பவர்பேங்கை எடுத்தார். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, நீங்களும் கேட்டுப் பாருங்க." சன்னமாக ஒரு சரசரப்பு. பிளாஸ்டிக் தகட்டால் விளிம்பைப் பிளந்தார். உள்ளே நீல உறை போட்ட உருளைகள் வரிசையாக இருந்தன. எல்லாம் ஒரே உயரம், ஒரே பருமன். ஆனால் ஒன்றிலிருந்து மட்டும்தான் போர்டுக்கு ஒயர் போயிருந்தது. அதையும் பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து உருவியிருக்க வேண்டும், முனையில் பழைய பற்றவைப்பைக் கிள்ளி எடுத்த தழும்பு அப்படியே இருந்தது. மற்றதில் ஒன்றை எடுத்து, தினத்தாளை விரித்து, பிளேடால் உறையைக் கீறினார். சாம்பல் நிறத்தில் மணல் கொட்டியது. எம்-சாண்ட். ஆற்று மணல் விற்கிற விலைக்கு அதை எப்படிப் போட முடியும், பாவம்.

அப்போதுதான் உறைத்தது. கனம் பார்ப்பேன் என்று எனக்குத் தெரிந்த அதே விஷயம் அதைச் செய்தவனுக்கும் தெரியும். விளக்கு எரிகிறதா, மின்னல் குறி வருகிறதா, முதுகில் எண் இருக்கிறதா என்று நான் பார்த்த ஒவ்வொன்றுக்கும் அவன் முன்கூட்டியே பதில் செய்து வைத்திருந்தான்.

மணல்கூடப் பரவாயில்லை, அது தீப்பிடிக்காது. அந்த ஒற்றைப் பழைய செல்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அளவுக்கு மேல் சார்ஜ் ஏறாமல் தடுக்கும் பாதுகாப்புச் சுற்று அந்த போர்டில் இல்லை என்று அண்ணன் காட்டினார். இவளோ தினமும் இரவு அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கியிருக்கிறாள்.

கடை வாசலில் நின்றபடியே பிஐஎஸ் கேர் செயலியை இறக்கினேன். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் செயலி, காசு கிடையாது. ஆர் எண்ணைப் போட்டுத் தேடலாம். சார்ஜரின் முதுகில் இருந்த எண்ணை அடித்தேன். எண் உண்மையானதுதான். ஆனால் அது வேறொரு கம்பெனிக்கு, வேறொரு பொருளுக்குக் கொடுத்த எண். பவர்பேங்கில் எண்ணே இல்லை. சார்ஜர், பவர்பேங்க் இரண்டுமே கட்டாயப் பதிவு வேண்டிய சாமான்கள். இந்தத் தேடலுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அன்றைக்கு அந்த மாடிப்படிக்குக் கீழே நின்று பேரம் பேசிய நேரத்தில் இருபது தடவை தேடியிருக்கலாம்.

மறுநாள் கடைக்குப் போனேன். அந்தப் பையன் இல்லை. ஐம்பது வயது ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பிரித்த பவர்பேங்கைப் பார்த்ததுமே "இது நம்ம கடைது இல்ல சார்" என்றார். துண்டுச் சீட்டைக் காட்டினேன். "இதுல கடை பேர் எங்க சார் இருக்கு?" ஜிபே ரசீதைக் காட்டினேன். "அந்தத் தம்பி வேலைய விட்டுப் போய்ட்டாப்ல. அவர் நம்பருக்குப் போட்டா நான் என்ன பண்றது?" பிறகு என்ன நினைத்தாரோ, சார்ஜரை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்தார். அதே சார்ஜர், அதே எண். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம். பழுதான பொருளை, பில்லில் கெடு எதுவும் போடாதபோது, 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. விற்ற பொருள் வாபஸ் இல்லை என்று சுவரில் எழுதி வைப்பதால் அது மாறாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தேன். முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். ஜிபே ரசீது, துண்டுச் சீட்டு, கடை வாசல், மணல் கொட்டிய தினத்தாள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். புகார் பதிவாகியிருக்கிறது. ஆயிரம் ரூபாய் திரும்பி வரும் என்ற நம்பிக்கை எனக்குப் பெரிதாக இல்லை.

அக்கா மகளுக்கு அதே தெருவில், வழக்கமான கடையில், 10000 எம்ஏஎச் ஒன்று வாங்கினேன். ஜிஎஸ்டி எண் போட்ட பில், பெட்டியில் இறக்குமதியாளர் முகவரி, எம்.ஆர்.பி., மாதம், வருடம் எல்லாம் இருந்தது. செயலியில் ஆர் எண்ணை அடித்து, கம்பெனி பெயரும் பொருளும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் காசைக் கொடுத்தேன். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை, "பாருங்க சார், நல்லா பாருங்க" என்று பெட்டியை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். பேரம் பேசியும் பத்து ரூபாய்கூடக் குறையவில்லை.

திரும்பும்போது அந்தச் சந்து வழியாகத்தான் வந்தேன். மஞ்சள் அட்டை இன்னும் தொங்குகிறது. 550-ஐ அடித்துவிட்டு 499 என்று எழுதியிருக்கிறார்கள்.