காம்ப்ளெக்ஸ் ஆசிலேட்டர்: நாலு வருஷம் வாசிச்ச அனுபவம்

நான் இருக்கறது மலேசியாவுல சுங்கை சிப்புட், டவுன்லருந்து கொஞ்சம் உள்ள, முன்ன பால் மரமா இருந்து இப்ப செம்பனையா மாறிப்போன தோட்டத்துப் பக்கம். இங்க மாடுலர் சிந்த் (தனித்தனி மாடுல்கள வயரால இணைச்சி சத்தம் உண்டாக்கற மின்னணுக் கருவி) வச்சிருக்கவங்க யாரையும் எனக்குத் தெரியாது, அதனால இந்த நாலு வருஷத்துல அடுத்தவங்ககிட்ட கேட்டுக் கத்துக்கிட்டது கம்மி, நாப்ப திருகித் திருகி காதால புரிஞ்சிக்கிட்டதுதான் அதிகம். காம்ப்ளெக்ஸ் ஆசிலேட்டர்ங்கற மாடுல வாங்கலாமா வேணாமான்னு யோசிக்கிறவங்களுக்கு ஆகும்னு எழுதறேன்.

என்கிட்ட இருக்கறது சிந்த் தயாரிச்ச டான் புக்லா 1970கள்ல கொண்டு வந்த 259ங்கற மாடுல் வழியில செஞ்ச ஒரு கிட். ஈப்போல ஒரு அண்ணன் சால்டர் பண்ணி வச்சிருந்தாரு, 1900 வெள்ளி குடுத்து எடுத்தேன். ரெடியா வேணும்னா மேக் நாய்ஸ் கம்பெனியோட டிபிஓ மாதிரி இருக்கு, அது கேஸ்ல 28 எச்பி (மாடுலோட அகலத்த அளக்கற அலகு) எடம் கேக்கும். எது வாங்குனாலும் அடிப்படை ஒண்ணுதான். ஒரே பலகையில ரெண்டு ஆசிலேட்டர் (சத்த அலைய உண்டாக்கற சர்க்யூட்), ஒண்ணு பாடும், இன்னொண்ணு அத ஆட்டும், பாடறது வெளிய வர்ற வழியில ஒரு வேவ்ஃபோல்டர், அதாவது அலைய மடிக்கற சர்க்யூட். சாதா சிந்த்ல சத்தம் நெறஞ்ச ஒரு வேவ எடுத்து ஃபில்டர் வச்சி செதுக்குவோம்ல, இங்க வெறும் சைன் வேவ்ல ஆரம்பிச்சி அலையோட உச்சிய மடிச்சி மடிச்சி ஓவர்டோன் (அடி சுரத்துக்கு மேல சேர்ற சத்தம்) சேக்கறோம். சிமெட்ரி நாப் (அலைய மேலயும் கீழயும் ஒரே அளவா மடிக்கணுமான்னு வைக்கறது) நடுவுல இருந்தா ஒத்தப்படை ஹார்மானிக்தான் (அடி சுரத்தோட 3, 5, 7 மடங்கு) வரும், உள்ள கூடா கேக்கும். கொஞ்சம் நகத்துனா ரெட்டப்படையும் சேந்து சத்தம் தடிச்சிரும்.

மொதல் வருஷம் நான் எல்லா நாப்பயும் முழுசா தெறந்து வச்சிதான் வாசிச்சேன். எத போட்டாலும் ஒரே இரைச்சல். வித்துடலாம்னே நெனச்சேன்.

மாறுனது பாட்டியால. ஒரு நா காலையில மாடுலேஷன் இண்டெக்ஸ (ஒரு ஆசிலேட்டர் இன்னொண்ண எவ்வளவு ஆட்டுதுங்கற அளவு) கொறச்சி வச்சி மெதுவா தட்டிக்கிட்டு இருக்கேன், பாட்டி அடுப்படியிலருந்து வந்து “இது என்னய்யா, பெரட்டு மணி மாதிரி கேக்குது”ன்னாங்க. அவங்க காலத்துல விடிய முன்ன தண்டவாளத் துண்டத் தட்டிதான் ஆளுங்கள பெரட்டுக்கு, அதாவது காலையில பேர் கூப்புடற கூட்டத்துக்குக் கூப்புடுவாங்களாம். அன்னிக்கி ரெண்டு ஆசிலேட்டரும் என்ன விகிதத்துல நின்னுச்சின்னு டியூனர்ல பாத்தேன், பாடறது 200 ஹெர்ட்ஸ் கிட்ட, ஆட்டறது 280 கிட்ட, அதாவது 1க்கு 1.4. எஃப்எம்ல (ஒரு ஆசிலேட்டர் இன்னொண்ணோட பிட்ச்ச ஆட்டறது) புதுசா வர்ற சத்தங்களுக்குக் கணக்கு சுலபம்: 200ஓட 280அ கூட்டுனா 480, கழிச்சா 80, ரெண்டு மடங்கு 280அ கூட்டுனா 760, கழிச்சா 360. இதுல ஒண்ணுகூட 200ஓட முழு மடங்கு இல்ல, அதனாலதான் காது அத ஒரு சுரமா எடுத்துக்காம இரும்பா எடுத்துக்குது. ஜான் சவ்னிங் 1973ல எஃப்எம் பத்தி எழுதுன கட்டுரையில மணிச் சத்தத்துக்கு இதே விகிதம்தான் இருக்கு, அது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது.

விகிதம் மட்டும் போதாது. தட்டுன அந்த நொடியில இண்டெக்ஸ் மேல போயி, வால்யூம் எறங்கறதுக்கு முன்னயே அது எறங்கணும், அப்பதான் கூர்மையான சத்தமெல்லாம் மொதல்ல செத்து, அடியில ஒரு ரீங்காரம் மட்டும் நிக்கும். இதுக்கு நாப்ப ஒரு மயிரிழை அளவுதான் நகத்தணும். அந்த மயிரிழைக்குப் பழகத்தான் எனக்கு ரெண்டாவது வருஷம் முழுக்க ஆச்சி.

அடுத்தது உறுமி. தம்பி கோயில் உறுமி மேளக் குழுவுல வாசிக்கறான், அவன்கிட்டதான் போட்டுக் காட்டுவேன். பிட்ச்ச மேல இழுத்து விட்டா உறுமி வந்துரும்னு நெனச்சேன், அவன் கேட்டுட்டு “அண்ணே, இழுக்கறது சரி, வளஞ்ச குச்சி தோலப் புடிச்சிப் புடிச்சி விடும்ல, அந்தக் கரகரப்பு இல்லயே”ன்னான். கரெக்ட்டான பேச்சு. ஆட்டற ஆசிலேட்டர 20 ஹெர்ட்ஸ் பக்கம் எறக்கி, பிட்ச்ச விட்டுட்டு ஃபோல்டர ஆட்ட விட்டேன், கூடவே பிட்ச்ச கையால வளச்சேன், கடைசியா லோ பாஸ் கேட் (சத்தம் அடங்கும்போது கூர்மையையும் சேத்து மழுக்கற மாடுல்) வழியா விட்டேன். தோல் வந்துருச்சி. ஃபில்டர் வச்ச சிந்த்ல நான் எத்தனையோ நாள் தேடி கெடைக்காத சத்தம் அது.

கொறைன்னா வெக்கைதான். இங்க தகரக் கூரை, மத்தியானம் 34 டிகிரி. ஒரு ஆக்டேவுக்கு 1 வோல்ட்டுன்னா அரை சுரத்துக்கு 83 மில்லிவோல்ட்தான், உள்ள இருக்கற டிரான்சிஸ்டர் சூட்டுல லேசா மாறுனாலும் காதுல தெரியும். சாதா ஆசிலேட்டர்னா சுருதி நகரும், திரும்ப டியூன் பண்ணிக்கலாம். இதுல ரெண்டும் ஒரே அளவு நகராது, அதனால 1.4 விகிதமே கலஞ்சி மணி வேற மணியாயிரும், எனக்கு அதுதான் வயித்தெரிச்சல். அனலாக்ல இது இருக்கறதுதான், ஆனா ஏர்கான் ரூம்ல இருக்கவங்க ரிவ்யூ இதப் பத்திப் பேசறதே இல்ல. நான் இப்ப அர மணி நேரம் ஆன் பண்ணி வச்சிட்டுதான் தொடறேன், காத்தாடிய கேஸ் பக்கம் திருப்பறதே இல்ல, ரெக்கார்டிங் எல்லாம் ராத்திரி பத்துக்கு மேலதான்.

மொத மாடுலா இத வாங்காதீங்க. விசிஏ (வோல்ட்டேஜால வால்யூம ஏத்தி எறக்கறது) ரெண்டு, என்வலப் (சத்தம் எப்படி ஏறி அடங்கணும்னு சொல்றது) ரெண்டு, ஒரு லோ பாஸ் கேட் இல்லாம இது வேல செய்யாது, அதுக்கே தனியா காசு வைக்கணும். கம்ப்யூட்டர்ல ஓடற மாடுலர் சிந்த் விசிவி ராக் ஃப்ரீயா கெடைக்குது, ரெண்டு ஆசிலேட்டர், ஒரு ஃபோல்டர் போட்டு ஒரு மாசம் வாசிச்சிப் பாருங்க. பாட்டு ஸ்டைலுக்குப் பளிச்சுனு ஒரு லீட் (மெட்டு வாசிக்கற சத்தம்) வேணும்னா வேற வாங்குங்க. மேளம், மணி, தகரம், தோல்னு மனசு போறவங்களுக்கு இதுக்கு நிகர் இல்ல, நான் விக்கறதா இல்ல.

பெரட்டு மணி பேட்ச் இன்னும் முடியல. நெசமான மணி இன்னும் நேரம் நிக்கும்னு பாட்டி சொல்றாங்க, லோ பாஸ் கேட்ல இருக்கற வேக்ட்ரோல் (வெளிச்சத்தால சத்தத்தத் தெறந்து மூடற பாகம்) அதுக்கு முன்னயே மூடிக்கிது. இந்த வாரம் கேட்ட கழட்டிட்டு விசிஏ போட்டு, டிகேவ (சத்தம் அடங்கற நேரத்த) 12 செகண்ட் வரைக்கும் இழுத்து வச்சிருக்கேன்.