தென்னை நார் ஒட்டுப்பலகை: கழுவுதொட்டி அலமாரிக்குச் சரி, நீளத் தட்டுக்கு வேண்டாம்

சமையலறைக் கழுவுதொட்டிக்குக் கீழுள்ள அலமாரி, குளியலறைக் கதவு, பாத்திரம் வைக்கும் மேல்தட்டு ஆகியவற்றுக்குப் பிளைவுட்டுக்குப் பதிலாகத் தென்னை நார் ஒட்டுப்பலகையைப் போட்டு, ஒரு மழைக்காலம் கடந்த பின்னர் இதை எழுதுகிறேன்.

இது நாரால் மட்டும் ஆன பலகை அன்று. நார் விரிப்புகளைப் பினாலிக் பிசினில் (நீரைத் தாங்கும் செயற்கைப் பசை) தோய்த்து உலர்த்தி, ரப்பர் மரத்திலிருந்து உரித்த மெல்லிய ஏடுகளோடு சேர்த்து அடுக்கி, சூடும் அழுத்தமும் கொடுத்து இறுக்குகிறார்கள். எனவே, 'மரமே சேராத பலகை' என்று கடையில் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பால் எடுத்து ஓய்ந்த பின் எப்படியும் வெட்டப்படுகிற மரம்தான் என்பதால், அதைப் பெரிய குறையாகவும் நான் கருதவில்லை.

ஈரத்தைப் பொறுத்தவரை முழு நிறைவு. கழுவுதொட்டிக் குழாய் கசிந்து அலமாரியின் அடிப்பகுதி நனைந்தபடியே கிடந்தபோதும், முன்பு அங்கிருந்த பார்ட்டிகிள் போர்டைப் போல அது உப்பவில்லை, கறையானும் அண்டவில்லை. தென்னை நாரில் 40 விழுக்காட்டை ஒட்டியுள்ள லிக்னின் (தாவர இழைகளைக் கெட்டியாகப் பிணைக்கும் இயற்கைப் பொருள்), சணலில் இருப்பதைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதி. நார் எளிதில் மக்காததற்கு அதுவே காரணம். ஆயினும் பாராட்டில் பெரும்பங்கு பிசினுக்கே உரியது. மலிவான யூரியா பிசினில் ஒட்டிய பலகையாக இருந்தால், நார் எத்தனை உறுதியானதாயினும் ஏடுகள் பிரிந்துவிடும்.

ஏமாற்றம் தந்தது மேல்தட்டு. நடுவில் தாங்கல் இல்லாமல் நீளமாகப் போட்டு எவர்சில்வர் பாத்திரங்களை அடுக்கியதும், தட்டு கண்ணுக்குத் தெரியும்படி தொய்ந்துவிட்டது. கண்ணாடி இழையின் விறைப்பு 70 கிகாபாஸ்கல் அளவில் இருக்க, தென்னை நாருக்கு அது பெரும்பாலும் 4 முதல் 6 வரைதான் என்பதை அறிந்தால் இதில் வியப்பில்லை. அதே நார் அறுவதற்கு முன் 15 விழுக்காட்டுக்கும் மேல் நீளக்கூடியது என்பதால், காற்றில் அடித்துச் சாத்தப்படும் குளியலறைக் கதவு இதுவரை விரிசல் காணாமல் இருக்கிறது. அடியைத் தாங்கும், ஆனால் விறைத்து நிற்காது என்பதே இந்த நாரின் இயல்பு. விற்பனைத் தாள்களில் முதல் பாதி மட்டுமே அச்சாகிறது.

ஆசாரிக்கு இந்தப் பலகை பிடிக்கவில்லை. சாதாரண ரம்பம் விரைவில் மழுங்குகிறது. கார்பைடு பல் வைத்த தகடுதான் சுத்தமாக அறுக்கிறது. ஓரத்தில் துளையிடாமல் ஸ்குரூவை ஏற்றினால் ஏடு பிளக்கிறது. அறுத்த ஓரங்களில் சிலும்பி நிற்கும் நார்களைத் தேய்த்து எடுத்து வார்னிஷ் பூசாவிட்டால், நீர் அந்த வழியாகவே உள்ளே இறங்கும்.

எங்கள் ஊரில் நல்ல ரகப் பிளைவுட்டின் விலைக்கே இது கிடைக்கிறது. வாங்குவோர் பொதுப் பயன்பாட்டு நார்-ஏட்டுப் பலகைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 14842 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, பிசின் பினாலிக்தானா என்பதைக் கேட்டு, அதை ரசீதிலும் எழுதி வாங்குவது நல்லது.