பெயர் பொறித்துத் தருகிறோம் என்றால் உஷார்: 18,700 யென் போச்சு

ஜப்பானில் இருக்கும் நம் ஆட்களுக்காக இந்தப் பதிவு. கல்யாணப் பரிசுக்கென்று இணையத்தில் கைவேலை சாப்ஸ்டிக் (சாப்பிடும் குச்சி) வாங்கி ஏமாந்தேன். அந்தக் கடையின் கடைசிப் பதில் இன்று காலைதான் வந்தது. பெயர் பொறித்த பொருளைத் திருப்பி எடுக்க முடியாதாம், என் புரிதலுக்கு நன்றியாம். எனக்கு என்ன புரிந்தது என்பதை இங்கே எழுதுகிறேன். 18,700 யென், வரி உட்பட.

அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஜப்பானியப் பெண்ணுக்குக் கல்யாணம். உறையில் வைக்கிற பணம் தனி, நண்பர்கள் என்றால் 30,000 யென் வைப்பது இங்கே வழக்கம். அதற்கு மேல் கையில் ஒரு பொருளும் கொடுக்கலாம் என்றாள் மனைவி. தம்பதிக்கு ஜோடி சாப்ஸ்டிக் கொடுப்பதை இங்கே நல்ல பரிசாக நினைக்கிறார்கள். மெயோட்டோ பாஷி என்று பெயர். அவருக்கு 23 செ.மீ. அளவில் ஒரு ஜோடி, அவளுக்கு 21 செ.மீ. அளவில் ஒரு ஜோடி, இரண்டும் கிரி மரப்பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும்.

வாங்குவதானால் வகாசா அரக்கு வேலைதான் என்று முடிவு செய்திருந்தோம். ஃபுகுய் மாகாணத்தில் கடலோரம் இருக்கிற ஒபாமா ஊரின் கைத்தொழில் அது. 1978-இல் அரசு பாரம்பரியக் கைவினை என்று அறிவித்தது. முட்டை ஓடு, அபலோன் சிப்பித் துண்டு, தங்கத் தகடு எல்லாவற்றையும் பதித்து, மேலே உருஷி மரத்துப் பாலை அடுக்கடுக்காகப் பூசி, பிறகு தேய்த்துத் தேய்த்து உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவருவார்கள். உருஷி வெயிலில் காய்வதில்லை, ஈரப்பதத்தில்தான் இறுகும். அதனால் ஒவ்வொரு பூச்சுக்கும் காத்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகிற வேலை.

இணையச் சந்தை ஒன்றில் இருக்கும் பரிசுப்பொருள் கடை அது. ஒரு பெரியவர் குச்சியைச் சாணைக்கல்லில் தேய்க்கும் வீடியோ போட்டிருந்தார்கள். அவர் விரல் இடுக்கெல்லாம் கறுப்பு. பார்த்ததும் மனைவி, "இதுவே போதும்ங்க" என்றாள். நான் அப்போதும் சாட்டில் கேட்டேன்: இது நிஜ உருஷியா, கைவேலையா? பதில் உடனே வந்தது: "ஆமாம், எங்கள் கைவினைஞர் ஒவ்வொன்றாகச் செய்கிறார். தம்பதியின் பெயர்களை இலவசமாகப் பொறித்துத் தருகிறோம்." அந்த 'இலவசமாக' இருக்கிறதே, அதுதான் தூண்டில். பெயர் பொறித்துவிட்டால் பொருள் யாருக்கும் ஆகாது, திருப்பவும் முடியாது. இதை எங்கே எழுதியிருந்தார்கள்? பணம் கட்டி முடித்த பிறகு வந்த மின்னஞ்சலின் அடியில்.

ஒரே வாரத்தில் பார்சல் வந்தது. சரி, பெயர் ஒழுங்காக விழுந்திருக்கிறதா பார்ப்போம் என்று திறந்தேன். நல்லவேளை திறந்தேன். நான்கு குச்சியிலும் சிப்பித் துண்டு ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில், அதே ஓரம் உடைந்து! பதித்த சிப்பி அப்படி வருமா? அச்சடித்த ஃபிலிமை ஒட்டி மேலே பளபளப்பு பூசியிருக்கிறார்கள். பெட்டியின் அடியில் மடித்துக் கிடந்த சீட்டில் மேல்பூச்சு யூரித்தேன், அதாவது பிளாஸ்டிக் வகைச் செயற்கைப் பூச்சு, என்றே இருக்கிறது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடலாமாம். இது சட்டப்படி போட வேண்டிய சீட்டு, 1962-இலிருந்து அந்தச் சட்டம் இருக்கிறது. ஆக, சீட்டில் உண்மை, கடைப் பக்கத்தில் பொய். யூரித்தேன் குச்சி கெட்டது என்று நான் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலேயே ஆயிரம் யென்னுக்கு வாங்கியது இருக்கிறது. 18,700 யென்னுக்கு அதை ஏன் விற்கிறாய் என்பதுதான் கேள்வி.

கேட்டேன். முதல் பதில், படம் மாதிரிக்கு மட்டும். அடுத்தது, கையால் சரிபார்த்து அனுப்புவதால் கைவேலைதான். அதற்கடுத்து, ஒபாமாவில் தயாரானது உண்மை என்றார்கள். இருக்கலாம். ஜப்பானில் தயாராகும் பூச்சு சாப்ஸ்டிக்குகளில் சுமார் 80 சதவீதம் அந்த ஊரிலிருந்துதான் வருகிறது, அதில் தொழிற்சாலைச் சரக்கும் ஏராளம். ஒபாமா என்று எழுதியிருப்பதால் மட்டும் வகாசா அரக்காகிவிடாது. தொலைபேசியில் பிடித்த ஒரே தடவை, அந்தம்மா ரொம்ப மரியாதையாக, பொறுப்பானவர் இப்போது இருக்கையில் இல்லை என்றார். எப்போதுதான் இருப்பார்? பதில் இல்லை. சந்தைக்காரர்களிடம் போனால், விற்பவரோடு நேரில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி. அவர்கள் கமிஷன் எடுத்துக்கொண்டது இதே 18,700 யென்னில்தானே?

நுகர்வோர் புகாருக்கான தொலைபேசி எண் 188-க்கு அழைத்தேன். அருகில் உள்ள நுகர்வோர் மையத்துக்கு இணைத்தார்கள். அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். இணையத்தில் வாங்கியதற்கு கூலிங் ஆஃப் (வாங்கிய சில நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யும் உரிமை) கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் பக்கத்தில் சொன்னது ஒன்று, வந்தது வேறு என்பதால் பேசிப் பார்க்கலாம் என்றார். நான் கடைப் பக்கத்தையும் சாட்டையும் படம் பிடித்து வைத்திருந்தேன். இப்போது அந்தப் பக்கத்தில் வீடியோவே இல்லை, எடுத்துவிட்டார்கள்.

வாங்கப் போகிறவர்கள் விவரத்தில் மேல்பூச்சு என்ன என்று போட்டிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். பாரம்பரியக் கைவினைச் சின்னம் ஒட்டிய பெட்டியா என்றும் கேளுங்கள். பணம் கட்டும் முன்பே பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். பெயர் பொறிப்பது வேண்டவே வேண்டாம், பொருள் கைக்கு வந்த பிறகு வேறெங்காவது பொறித்துக்கொள்ளலாம். இன்னும் எழுத இருந்தது, மையத்துக்கு அனுப்ப வேண்டிய தாள்கள் மேஜையில் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், உறை மட்டும்தான் கொண்டுபோகிறோம்.