ஷோத்கங்கா: குமரி மாவட்ட ஆய்வாளர் பார்வையில் ஒரு மதிப்பீடு

பல்கலைக்கழக நூலகங்களை இணைப்பதற்காகக் குஜராத்தின் காந்திநகரில் இயங்கும் இன்ஃப்லிப்நெட் மையம் நடத்துகிற ஷோத்கங்கா, இந்தியப் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்ட பிஹெச்.டி. ஆய்வேடுகளைக் கட்டணமின்றிப் படிக்கத் தரும் மின்களஞ்சியம். குமரி மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவதால், முன்பெல்லாம் ஓர் ஆய்வேட்டைப் புரட்டிப் பார்க்க அபிஷேகப்பட்டிக்குப் பஸ் ஏற வேண்டும். திருவிதாங்கூர்க் கால வரலாறு என்றால் திருவனந்தபுரத்துக்கும் போக வேண்டியிருக்கும். அந்த அலைச்சலைப் பெருமளவு குறைத்ததற்காகவே இச்சேவையை முதலில் பாராட்ட வேண்டும்.

ஆய்வேட்டின் பக்கத்தைத் திறந்தால் தலைப்பு, சான்றிதழ், இயல்கள், நூற்பட்டியல் எனத் தனித்தனி பி.டி.எஃப் கோப்புகள் எண் வரிசையில் நிற்கும். நூற்பட்டியலை மட்டும் பார்க்க விரும்புபவருக்கு இது வசதி. முழுவதும் வேண்டுபவர் ஒவ்வொன்றாகச் சொடுக்கியே ஆக வேண்டும்.

குறை என்று சொல்லத்தக்கது தமிழ் ஆய்வேடுகளில்தான் இருக்கிறது. அவற்றுள் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. அப்படிப்பட்ட கோப்பிலிருந்து ‘தமிழ்’ என்ற சொல்லை நகலெடுத்து ஒட்டினால் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வந்து விழும். வேறு சில, அச்சிட்ட தாளை ஸ்கேன் செய்த வெறும் படங்கள். தோள்சீலைப் போராட்டம் பற்றியோ வில்லுப்பாட்டு பற்றியோ உள்ளே எத்தனை பக்கம் எழுதியிருந்தாலும் தேடுபொறிக்கு அது தெரியாது. தலைப்பும் சில வேளை ஆங்கில எழுத்தில் பெயர்த்து ஏற்றப்பட்டிருப்பதால், ஒரே சொல்லை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் தேட நேர்கிறது.

இதற்குக் காந்திநகரைக் குறை சொல்லிப் பயனில்லை. பல்கலைக்கழகங்கள் கொடுத்ததைத்தான் அவர்கள் வெளியிடுகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2009-இலேயே, பட்டம் அறிவித்த 30 நாட்களுக்குள் மின்படியை அனுப்ப வேண்டும் என்று விதித்தது. 2016 விதிமுறை, பட்டம் வழங்குவதற்கு முன்பே அனுப்பச் சொன்னது. ஆகவே தரமாட்டேன் என்று வெளிப்படையாக மறுக்க, ஆய்வை வழிநடத்தும் எந்த நெறியாளராலும் இன்று முடியாது. அந்த மறுப்பு இப்போது கொடுக்கும் விதத்தில் குடியேறியிருக்கிறது என்பதே என் கணிப்பு. “பைண்டு பண்ணினத ஒழுங்கா குடு மக்கா, சி.டி.ய யாரு பாக்கப் போறா?” என்கிற பேச்சைக் கேட்காத ஆய்வாளர் நம் பக்கத்தில் அரிது. ரெக்சின் அட்டையில் பொன்னெழுத்து பிசகாமல் விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் அதே கண்கள் எழுத்துரு என்ன என்று கேட்பதில்லை.

வலையில் ஏற்றினால் திருடிவிடுவார்கள், பிறகு பதிப்பகத்தார் நூலாக்க மாட்டார்கள் என்னும் அச்சங்களும் புதியவை அல்ல. 1997-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் மின் ஆய்வேட்டைக் கட்டாயமாக்கியபோதும் இவைதான் எழுந்தன. பார்வையைச் சில காலம் கட்டுப்படுத்திக்கொள்ளும் வாய்ப்பை ஆய்வாளருக்கு அளித்து அப்பல்கலைக்கழகம் அதைச் சமாளித்தது. நூலாக்கம் பற்றிய கவலையில் எனக்கு உடன்பாடு உண்டு, அதிலும் இளம் ஆய்வாளர்கள் விஷயத்தில். திருட்டு அச்சத்தில் இல்லை. அலமாரியில் பூட்டிய ஆய்வேட்டிலிருந்து ஓர் இயலை எடுத்தாண்டால் கண்டுபிடிப்பவர் யார்? பத்து விழுக்காட்டுக்கு மேல் ஒப்புமை இருந்தால் நடவடிக்கை என்று மானியக் குழுவின் 2018 விதிமுறை சொல்கிறது; ஆனால் ஒப்பிடும் மென்பொருளும் எழுத்தைப் படித்தாக வேண்டுமே. படமாகவும் பாமினியாகவும் கிடக்கும் தமிழ் ஆய்வேடு அந்தச் சோதனைக்கும் சிக்காது. சிலருக்கு அது வசதியாகவும் இருக்கலாம்.

ஆங்கில ஆய்வேடு தேடுபவருக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் தருவேன், தமிழுக்கு இரண்டரைதான். தமிழில் தேடுபவர்கள் பொருட்சொல்லை விட்டுவிட்டு, பல்கலைக்கழகம், துறை, நெறியாளர் பெயர் என்ற வழியில் இறங்கிப் பார்ப்பது நல்லது. இப்போது ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவர்கள் தட்டச்சுக் கடையில் முதல் இயலைக் கொடுக்கும்போதே, எந்தக் கணினியும் தமிழாகவே படிக்கும் யூனிகோடில் அடிக்கச் சொல்லிவிட வேண்டும். கடைசி நேரத்தில் மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறி, மெய்ப்புத் திருத்தமே தனி வேலையாகிவிடும்.