நான்கு மணிப் பசியை மதியமே கவனிக்கும் கேரியர் சாப்பாடு

மேற்கு மாம்பலத்தில், ஆரிய கௌடா சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், தாயும் மகளுமாக இருவர் வீட்டிலேயே சமைத்து அனுப்பும் மதிய உணவை எங்கள் அலுவலகத்தில் ஐந்தாறு பேர் சில மாதங்களாக வாங்கிவருகிறோம். பெயர்ப்பலகை கிடையாது, விளம்பரமும் கிடையாது. ஒருவர் சொல்லி மற்றொருவர் சேர்ந்ததுதான். சமையல் நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. மாலை நான்கு மணிக்கு மேல் தியாகராய நகரின் எந்தத் தெருவில் நடந்தாலும் வாழைக்காய் பஜ்ஜி வேகும் மணமும் இனிப்புக் கடைகளின் நெய் வாசமும் நாக்கை இழுக்கின்றன. அந்த இழுப்பை மனஉறுதியால் வெல்லுங்கள் என்று உபதேசம் செய்யாமல், மதியச் சாப்பாட்டின் அமைப்பைக் கொண்டே தணிக்க முயலும் சேவை இது. அந்த முயற்சி பெருமளவு வெற்றி பெறுகிறது என்பதே என் மதிப்பீடு.

எவர்சில்வர் கேரியரில் மூன்று அடுக்குகள் வருகின்றன. அடித்தட்டில் சாதம், அதுவும் வழக்கமான அளவில் ஏறக்குறைய பாதி. நடு அடுக்கு முழுவதும் பருப்போ பயறோ தாராளமாகச் சேர்ந்த கூட்டு. மேலடுக்கில் காயோ கீரையோ, பெயருக்கு ஒரு கரண்டியாக இல்லாமல், அடுக்கு நிறைய இருக்கும். முதல் நாள் திறந்து பார்த்தபோது எங்களில் ஒருவருக்குச் சாதம் போதாது என்று தோன்றி, தொலைபேசியில் கேட்டேவிட்டார். "கூட்டை முதல்ல சாப்பிடுங்க தம்பி, அப்புறமும் பசிச்சா நாளையிலேர்ந்து சாதம் கூட வைக்கிறேன்" என்று பதில் வந்தது. அவர் இன்றுவரை கூடுதல் சாதம் கேட்கவில்லை.

நம் ஊர் அளவுச் சாப்பாட்டை எண்ணிப் பார்த்தால் இந்த மாற்றத்தின் பொருள் விளங்கும். சாம்பாருக்கு ஒரு முறை, வத்தக்குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று சோறு நான்கு தடவை இலைக்கு வருகிறது. பொரியலோ ஒரே தடவை, அதுவும் இலையின் ஓரத்தில் கைப்பிடியளவு. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு, 400 கிராம் காய்கறி என்று கணக்கிடுகின்றன; தானியத்திலிருந்து கிடைக்கும் ஆற்றல் மொத்தத்தில் 45 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம் என்றும் சொல்கின்றன. நம்மில் பெரும்பாலோர் தட்டில் இந்த விகிதம் தலைகீழாக இருக்கிறது. பட்டை தீட்டிய வெள்ளை அரிசி விரைவில் செரித்து இரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது. ஏறியது சரியும் வேளையில், வயிறு உண்மையில் காலியாக இல்லாதபோதும், வாய் நமநமவென்று எதையாவது தேடத் தொடங்குகிறது. புரதமும் நார்ச்சத்தும் இரைப்பையில் கூடுதல் நேரம் தங்கி, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை அடக்கிவைக்க உதவுகின்றன. ஆகவே மூன்று மணிக்கு மேல் எழும் ஆசைக்கு ஒரு மணிக்கு உண்ட சாப்பாடு பெருமளவு பொறுப்பாகிறது. இதை அறிந்து சமைக்கும் கை இங்கே இருக்கிறது. மகள் கல்லூரியில் உணவியல் படித்தவர் என்று பின்னர் தெரிந்துகொண்டேன்.

கேரியருடன் வரும் சிறிய டப்பாதான் இச்சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது. அதில் மாலைக்கான சுண்டல் இருக்கும். தட்டைப்பயறு, கறுப்புக் கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, மொச்சை என்று நாளுக்கு ஒன்று மாறிவரும். கடற்கரைச் சுண்டலைப் போல மாங்காயும் தேங்காயும் தூவியிருக்கிறார்கள். கடுகும் கறிவேப்பிலையும் மிளகாய் வற்றலும் நல்லெண்ணெயில் தாளித்துச் சேர்க்கப்படுகின்றன. கடலையை விரலால் அழுத்தினால் மசிய வேண்டும், ஆனால் தோல் பிரியக்கூடாது. அந்தப் பதம் இவர்களிடம் ஒரு நாளும் தப்பியதில்லை. மாங்காய் கிடைக்காத மாதங்களில் எலுமிச்சைச் சாற்றைத் தனிப் பொட்டலமாக வைக்கிறார்கள். முன்கூட்டியே பிழிந்துவிட்டால் நான்கு மணிக்குள் சுவை கெட்டுவிடும் என்ற அக்கறை அதில் தெரிகிறது. உலர்ந்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தால் ஒன்றோடு நிறுத்த முடிவதில்லை; சுண்டலில் ஒரு கிண்ணத்துக்கு மேல் கை தானாகவே செல்வதில்லை. பொட்டலப் பண்டங்களைப் பற்றி நான் இப்படிச் சொல்வது வெறும் அனுபவத்தை வைத்து மட்டும் அன்று. அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்து நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ஆகியவற்றைச் சமமாக்கிப் பரிமாறிய போதும், மிகையாகப் பதப்படுத்திய உணவைக் கொடுத்த இரண்டு வாரங்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் இனிப்பு உண்டு. பாசிப்பருப்புப் பாயசம் ஒரு சிறு கிண்ணம், அல்லது நெய் மணக்கும் ஒரு துண்டு மைசூர்பாகு. 'டயட்' என்ற பெயரில் உணவு விற்போர் இனிப்பை எதிரியாக்கும்போது, இவர்கள் அதை வயிறு நிறைந்த பிறகு, சிறிதளவாக, நாள் குறித்துத் தருகிறார்கள். இது தேர்ந்த முடிவு என்றே கருதுகிறேன். காய்கறியும் புரதமும் முதலில் சென்று, மாவுப்பொருள் கடைசியில் சேரும்போது இரத்தச் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது. அத்துடன், வெள்ளிக்கிழமை கிடைக்கும் என்று தெரிந்த நாக்கு செவ்வாய்க்கிழமை அவ்வளவு அடம்பிடிப்பதில்லை. இதற்கு முன் செயலி வழியாக நாங்கள் வாங்கிய ஒரு நிறுவனத்தின் சாலட் பெட்டியில் வெள்ளரியும் இலைகளும் இரண்டு கரண்டி முளைகட்டிய பயறும் மட்டுமே இருக்கும். கலோரிக் கணக்கு அழகாக அச்சிட்டிருந்தது. ஆனால் அதை உண்ட நாட்களில் மாலையில் சமோசாக்காரரைத் தேடி மொத்த மேசையும் எழுந்து போயிற்று.

குறைகளும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஊறுகாயும் மோர்மிளகாயும் தினமும் சேர்ந்தே வருகின்றன. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலக நலவாழ்வு அமைப்பு வரையறுத்திருக்கும்போது, குழம்பில் உப்பை அளந்து போடும் இவர்கள் பக்கவாட்டில் அதைத் திரும்பக் கொண்டுவருவது பொருந்தவில்லை. வேண்டாம் என்று சொன்னால் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்டால் தரும் பேரீச்சம்பழ உருண்டையைச் 'சர்க்கரை இல்லாதது' என்று சொல்வதையும் கைவிடலாம். வெள்ளைச் சர்க்கரை அதில் இல்லை என்பது சரி. பழத்தின் சர்க்கரை நிறையவே இருக்கிறது, நீரிழிவு உள்ளவர் அந்தச் சொல்லை நம்பி நான்கைந்து உருண்டை உண்டால் விளைவு நல்லதாக இராது. மழை வலுக்கும் நாட்களில், மேற்கு மாம்பலத்தையும் தியாகராய நகரையும் இணைக்கும் துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கினால் கேரியர் இரண்டு மணிக்குத்தான் வரும். முட்டையோ மீனோ கிடையாது என்பதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆயினும் அசைவம் பழகியவர்கள் அதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

எல்லா ஆசையையும் ஒரு கேரியர் தீர்த்துவிடாது என்பதையும் இங்கே சேர்க்கிறேன். இரவு உறக்கம் குறைந்தால் மறுநாள் கிரெலின் உயர்ந்து, நிறைவு உணர்த்தும் லெப்டின் குறைந்து, இனிப்பின் பக்கம் மனம் சாய்கிறது. நள்ளிரவு தாண்டி வேலை பார்க்கும் பழைய மகாபலிபுரம் சாலை நண்பர்களுக்கு இந்தச் சாப்பாடு பாதிப் பயனே தருவதாகச் சொல்கிறார்கள். காபியும் கணக்கில் வர வேண்டும். நாளுக்கு மூன்று காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால், கூடுதல் நலனுக்காக உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைக்கும் 25 கிராம் அளவு அதிலேயே முடிந்துவிடுகிறது.

இன்னும் இரண்டு நிலைகளில் உணவுத்திட்டத்தை நம்பிக் காத்திருக்கவே கூடாது. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குத் திடீரென்று கை நடுங்கி, வியர்த்து, அகோரப் பசி எடுத்தால் அது சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அப்போது வேண்டியது உடனடியாகக் குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோதான், சுண்டல் அன்று. சாதத்தின் அளவு குறையும் இத்தகைய சாப்பாட்டுக்கு மாறும் முன் அவர்கள் மருந்தின் அளவு பற்றி மருத்துவரிடம் பேசுவது அவசியம். அடுத்தது, பச்சரிசி, விபூதி, சிலேட்டுக் குச்சி, பனிக்கட்டி இவற்றைத் தின்னத் தூண்டும் ஆசை. நம் வீடுகளில் கருவுற்ற பெண்களிடம் இதைக் கண்டு சிரித்துவிட்டு விடுகிறோம். இது பல நேரங்களில் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். 2019-21 காலத்திய தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. முருங்கைக்கீரைக் கூட்டு வாரம் இருமுறை வருவது நல்லதே. ஆனாலும் இத்தகைய ஆசை இருப்பவர் முதலில் செய்ய வேண்டியது இரத்தப் பரிசோதனை.

சுண்டலும் சேர்த்து ஒரு நாளுக்கு 170 ரூபாய். உணவகத்து அளவுச் சாப்பாட்டுடன் ஒப்பிட்டால் சற்றுக் கூடுதலாகத் தோன்றலாம். மாலைச் சிற்றுண்டிக்குத் தனியே கொடுத்துவந்த பணத்தைக் கழித்துப் பார்த்தபோது எனக்கு அது மிச்சமாகவே ஆயிற்று. ஞாயிறு விடுமுறை. மாதத் தொடக்கத்தில் மட்டுமே புதியவர்களைச் சேர்க்கிறார்கள். மாம்பலம், தியாகராய நகர், அசோக் நகர், கோடம்பாக்கம் தாண்டி அனுப்புவதில்லை. வேறு பகுதியில் இருப்பவர்கள் தங்கள் பக்கத்து மெஸ்ஸிலேயே சாதத்தைப் பாதியாக்கி, கூட்டையும் பொரியலையும் இரட்டிப்பாகக் கேட்டுப் பார்க்கலாம். கூடுதலாகச் சில ரூபாய் வாங்கிக்கொண்டு தருவதற்குப் பெரும்பாலோர் மறுப்பதில்லை.