வெபர் கார்பரேட்டரில் சோக் மாற்றப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு வண்டியைப் பட்டறையில் விடுங்கள்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான்கு மாதமாக என் வண்டி பட்ட பாடு இன்னொருவர் வண்டிக்கு வரக் கூடாது.

நான் சொல்லும் சோக், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ய இழுக்கிற சோக் இல்லை. எஞ்சினுக்குப் போகும் காற்றோடு பெட்ரோலைக் கலப்பது கார்பரேட்டர். வெபர் கம்பெனியின் டிசிஓஇ மாதிரியான கார்பரேட்டர்களில் காற்று போகும் வழியில், நடுவில் ஒடுங்கிய குழாய் ஒன்று இருக்கும். அதையும் சோக் என்பார்கள், வெஞ்சுரி என்றும் சொல்வார்கள். அதைக் கழற்றிவிட்டு வேறு அளவு போடலாம். அந்த வசதியை வைத்துத்தான் என்னை ஏமாற்றினார்கள்.

என் எஞ்சின் 1600 சிசி, நான்கு சிலிண்டர். இரண்டு 40 டிசிஓஇ கார்பரேட்டர், ஒவ்வொன்றிலும் இரண்டு காற்று வழி, அதாவது சிலிண்டருக்கு ஒரு சோக். 30 மி.மீ. குழாய்கள் இருந்தன. சுத்தம் செய்து கேஸ்கெட் மாற்றத்தான் பட்டறையில் விட்டேன். பட்டறைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "உள்ள இருக்கறது சின்ன சோக் சார், 36 போட்டா வண்டி பறக்கும்" என்றார். எஞ்சின் எத்தனை சிசி, கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) எது, எத்தனை ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) வரை ஓட்டுவேன், எதையும் கேட்கவில்லை. அவர் பேச்சில் இருந்த உறுதியை நம்பிச் சரி என்றேன்.

வண்டி கைக்கு வந்த அன்றே தெரிந்துவிட்டது. இரண்டாவது கியரில் பெடலை மிதித்தால் ஒரு நொடி எதுவுமே நடக்காது. அப்புறம் கார்பரேட்டர் வாய் வழியாக டப்பென்று ஒரு தும்மல். 4000 தாண்டினால்தான் இழுவை வரும். தினசரி ஓட்டத்தில் யார் 4000 தாண்டுகிறார்கள்? கார்பரேட்டர் வழியாகத் தும்முவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெட்ரோல் கசிவும் சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

காரணம் இதுதான். சோக்கின் ஒடுக்கத்தில் காற்று வேகமாகப் போகும், அங்கே அழுத்தம் குறையும், அந்தக் குறைவுதான் ஜெட் என்னும் சின்னத் துளை வழியாகப் பெட்ரோலை இழுக்கிறது. 30 இருந்த இடத்தில் 36 போட்டால் துளையின் பரப்பு 1.44 மடங்காகிவிடும். அதே ஆர்பிஎம்மில் காற்றின் வேகம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும், இழுப்பு பாதிக்கும் கீழே போய்விடும். பெட்ரோல் தூவலாக வராமல் துளித்துளியாக வரும். என்னுடையது மாதிரி 6000 வரை ஓடும் சாதாரண 1600 சிசி எஞ்சினுக்கு 30தான் பொருத்தம், மிஞ்சினால் 32.

இன்னொரு தப்பும் செய்திருந்தார்கள். பெட்ரோல் வரும் முக்கியத் துளையான மெயின் ஜெட்டின் நம்பருக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: சோக் அளவைப் போல நான்கு மடங்கு. 30க்கு 120, 36க்கு 145 பக்கம். என் வண்டியில் சோக்கை மட்டும் மாற்றி, பழைய 120ஐ அப்படியே விட்டிருந்தார்கள்.

திரும்பக் கொண்டுபோனேன். "ஓட ஓட செட் ஆயிடும்" என்றார். அடுத்த முறை போனபோது பெரிய பம்ப் ஜெட் (பெடலை மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும் துளை) போட்டுக் கொடுத்தார். தும்மல் குறைந்தது உண்மை. ஆனால் குறை சரியாகவில்லை, அதன் மேல் பெட்ரோலை ஊற்றி மறைத்திருந்தார். இரண்டு வாரத்தில் பிளக் நான்கும் கரி. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை. பெட்ரோல் கலந்து நீர்த்த அந்த எஞ்சின் ஆயிலோடு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் பேரிங் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

கடைசியில் நானே பிரித்தேன். காற்று நுழையும் பக்கத்தில் விரலை விட்டு முதல் சோக்கைத் தொட்டேன். அது சுற்றியது. சுற்றவே கூடாது, பக்கவாட்டில் ஒரு சின்ன திருகு அதைப் பிடித்திருக்க வேண்டும். கழற்றிப் பார்த்தால் திருகின் நுனி சோக்கில் இருக்கும் குழியில் உட்காரவே இல்லை, சோக்கின் வெளிச்சுவரிலேயே முட்டி நசுங்கியிருந்தது. திருகு தளராமல் பிடிக்கும் லாக் நட் இல்லை. நான்கு குழாயிலும் 36 என்று பொறித்திருந்தது. வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன்: 36.1, 35.6, 36.0, 35.4. உள்சுவரில் கடைசல் கோடுகள் நகத்தில் தட்டின. நான்கு சிலிண்டரும் நான்கு விதமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கின்றன. இதில் டியூனிங் எப்படி நிற்கும்?

யாராவது சோக்கைப் பெரிதாக்கச் சொன்னால், "என் சிசிக்கும் ஆர்பிஎம்முக்கும் இந்த அளவு எப்படி வந்தது?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். மெயின் ஜெட், ஏர் ஜெட் (அந்தப் பெட்ரோலோடு காற்றைக் கலக்கும் துளை) என்ன நம்பர் போடப் போகிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். குழாயைப் பொருத்தும் முன் உங்கள் கண்ணெதிரே அளக்கச் சொல்லுங்கள், பொறித்த நம்பரை நம்பாதீர்கள். மாட்டிய பிறகு விரல் விட்டுச் சுற்றிப் பாருங்கள். கழற்றிய பழைய பாகங்களை அன்றே கையில் வாங்கிவிடுங்கள், இதை நான் செய்யவில்லை. என் 30 மி.மீ. குழாய்கள் எங்கே என்று கேட்டால் இன்றுவரை "தேடிப் பார்க்கறேன் சார்" என்கிறார். பல வருஷம் அந்த எஞ்சினோடு ஓடிய அசல் குழாய்கள் அவை.

வேறு இடத்தில் நல்ல 30 வாங்கி, 120 மெயின் ஜெட்டும் பழைய அளவு பம்ப் ஜெட்டும் போட்டு, ஆயிலையும் பிளக்கையும் மாற்றினேன். இரண்டாவது கியரில் 2000த்தில் மிதித்தால் இப்போது தயங்காமல் போகிறது.