"எல்லாத்துக்கும் இது ஒண்ணு போதும் அக்கா" என்று சொல்லி விற்ற டேப்

பயணத்துக்கு லேப்டாப்பை விட்டுவிட்டு டேப் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் மட்டுமாவது இதை முழுசாகப் படித்துவிடுங்கள். நான் ஏமாந்த கதைதான். பாதிக் கோபம் விற்றவர்கள் மேல், மீதி என் மேல். கடைப் பெயரைப் போடப் போவதில்லை. இதே வசனத்தை நாளைக்கு வேறொரு கடையில் நீங்கள் கேட்பீர்கள், அதனால் பெயரில் ஒன்றுமில்லை.

என் வேலை மெய்ப்புத் திருத்துவது. பதிப்பகங்கள் அனுப்பும் கோப்புகளைத் திருத்தித் தருவேன், நடுநடுவே வெளியூர்களில் பயிலரங்கும் எடுப்பேன். ஏழு வருடம் உழைத்த லேப்டாப், ஒரு பயணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது கண்ணை மூடிவிட்டது. அவசரத்தில் கடைக்குப் போனேன். அவசரக்காரியின் முகத்தில் அது எழுதியே ஒட்டியிருக்கும்போல.

வாசலில் "வாங்க மேடம்" என்ற பையன், என்ன வேலை, எந்த ஊர்ப் பயணம், எத்தனை நாள் என்று விசாரித்து முடிப்பதற்குள் "அக்கா"வுக்கு வந்துவிட்டான். "லேப்டாப்ப எல்லாம் இப்ப யாருக்கா தூக்கிட்டு அலையிறாங்க? இதப் பாருங்க. கீபோர்டு கவர் ஃப்ரீ. மாட்டினா லேப்டாப், கழட்டினா டேப், சிம் போட்டா போன். எல்லாத்துக்கும் இது ஒண்ணு போதும்."

11 இன்ச் ஆண்ட்ராய்டு டேப். கையில் வாங்கினால் அட்டைப்பெட்டி மாதிரி கனமே இல்லை. என் பழைய லேப்டாப் சார்ஜரோடு சேர்ந்து இரண்டரை கிலோ. தோள்வலிக்காரியை மயக்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

"தம்பி, வேர்டு ஓடுமா?"

"சூப்பரா ஓடும்க்கா."

"புரொஜெக்டர்ல போடணும்."

"டைப்-சி இருக்கே, ஒரு கேபிள் போதும்."

சிம் எங்கே என்றதற்கு, பக்கவாட்டில் இருந்த சின்னத் தட்டை நகத்தால் தொட்டுக் காட்டினான். பெட்டியில் கொட்டை எழுத்தில் 16 ஜிபி ரேம். கூடவே 30,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று, "டிராவலுக்குன்னே வர்றது" என்று எடுத்து வைத்தான். பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

முதலில் போனது அந்தப் பவர் பேங்க்தான். விமான நிலையச் சோதனையில் பையிலிருந்து எடுத்து, திருப்பி, அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார்கள். 111 வாட்-அவர், அதாவது அது தேக்கிவைக்கிற மின்சாரத்தின் அளவு. 100 வாட்-அவர் வரைதான் கைப்பையில் கேள்வி கேட்காமல் விடுவார்கள். 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். லக்கேஜில் போட்டு அனுப்பவும் முடியாது, பவர் பேங்க் எதுவுமே அங்கே கூடாது. கணக்கு சின்னக் கணக்குதான். எம்ஏஎச் எண்ணை 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-அவர் வந்துவிடும். 20,000 என்றால் 74, தாராளமாகப் போகலாம். 30,000 என்றால் 111. பயணத்துக்கென்றே வருகிற பொருள் பயணத்தின் முதல் வாசலிலேயே கூடைக்குள் போய்விட்டது.

இறங்கியதும் சிம் போடலாம் என்று ஊசியால் தட்டை வெளியே எடுத்தேன். ஒரே ஒரு குழி. அது மெமரி கார்டுக்கானது. சிம் போடும் மாடல் வேறு, எனக்கு விற்றது வைஃபை மாடல். தட்டைக் காட்டினானே தவிர, திறந்து காட்டவில்லை. நானும் திறக்கச் சொல்லவில்லை.

உண்மையான வயிற்றெரிச்சல் வேர்டில்தான். கோப்பு திறந்தது, படிக்கவும் விட்டது. ஓர் எழுத்தைத் திருத்தப் போனேன், சந்தா கட்டச் சொல்லி ஒரு பெட்டி எழுந்தது. அதே கோப்பை என் போனில் ஓசியில் திருத்த முடிகிறது. விஷயம் என்னவென்றால், 10.1 இன்ச்சும் அதற்குக் குறைவும் உள்ள திரைகளில்தான் மைக்ரோசாஃப்ட் அடிப்படைத் திருத்த வேலைகளை இலவசமாக விட்டுவைத்திருக்கிறது. என்னுடையது 11. "பெரிய ஸ்க்ரீன்க்கா, கண்ணுக்கு நல்லது" என்று எதைச் சொல்லி விற்றானோ, அதற்கே தண்டம்.

சரி, ஒரு மாதச் சந்தாதானே என்று கட்டினேன். அடுத்த கோப்பைத் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளிகள். தமிழில் பதிப்பக வேலை பார்க்கிறவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். பாமினி. இன்னும் பல இடங்களிலிருந்து அந்த எழுத்துருவில்தான் கோப்பு வருகிறது. அது எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு கிடையாது. ஆங்கில விசைகளின் மேல் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த பழைய ஏற்பாடு. எழுத்துரு இல்லாத கருவியில் திறந்தால் வேஷம் கலைந்து ஆங்கிலம் நிற்கும், புள்ளி வைத்த எழுத்துக்கெல்லாம் ஓர் அரைப்புள்ளி தொங்கும். விண்டோஸ் என்றால் எழுத்துருக் கோப்பை இரண்டு தட்டு தட்டி நிறுவிவிடலாம், அரை நிமிட வேலை. ஆண்ட்ராய்டு வேர்டில் நாமாக எழுத்துரு சேர்க்க வழியில்லை. யூனிகோடுக்கு மாற்றிப் பார்த்தேன். மாறியது, ஆனால் அடிக்குறிப்பும் சாய்வெழுத்தும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பதிப்பகத்துக்குப் பாமினியிலேயே திரும்பக் கொடுக்க வேண்டும், அவர்கள் இன்டிசைனில் பக்கம் கட்டுகிறவர்கள். அந்த இன்டிசைனும் டேபில் கிடையாது. கடைசியில் அந்த ஊர்த் தோழியின் லேப்டாப்பை இரண்டு ராத்திரி இரவல் வாங்கித்தான் முடித்தேன். கெடு தாண்டிவிட்டது. அந்தப் பதிப்பகத்திலிருந்து அதற்குப் பிறகு கோப்பு வரவில்லை.

பயிலரங்கு நாள். இருபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். புதிதாக வாங்கிய டைப்-சி எச்டிஎம்ஐ இணைப்பியைச் செருகினேன், கேபிளை மாட்டினேன். சுவரில் நீலத்திரை, மூலையில் "சிக்னல் இல்லை". கழற்றி மாட்டினேன். திருப்பி மாட்டினேன், டைப்-சியில் தலைகீழ் என்று எதுவும் இல்லை என்று தெரிந்தும். முன்வரிசையில் இருந்த ஒரு தம்பி எழுந்து வந்து மாடல் எண்ணைத் தன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "இதுல வீடியோ வெளிய வராதுங்க" என்றார். டைப்-சி என்பது ஓட்டையின் வடிவம் மட்டும்தான், உள்ளே என்ன ஓடுகிறது என்பதை அது சொல்லாது என்று அவர்தான் விளக்கினார். படம் வெளியே வர டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு என்ற வசதி தனியாக வேண்டும். என் டேபின் உள்ளே இருந்தது யூஎஸ்பி 2.0. 2000ஆம் ஆண்டில் வந்தது, வேகம் 480 எம்பிபிஎஸ். ஓட்டைக்குள் இருப்பது மாறுபடும் என்பதற்கு அவர் சொன்ன உதாரணம் ஐஃபோன். 2023இல் ஐஃபோன் 15 டைப்-சிக்கு மாறியபோது, சாதாரண மாடலுக்கு அதே 480 எம்பிபிஎஸ், ப்ரோ மாடலுக்கு 10 ஜிபிபிஎஸ். ஓட்டை இரண்டிலும் ஒன்றுதான்.

அன்று சாக்பீஸ் காப்பாற்றியது. ஒற்று மிகும் இடங்களைக் கரும்பலகையில் எழுதித்தான் நடத்தினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், வகுப்பு நன்றாகவே போனது.

ராத்திரி அறைக்கு வந்து ஆற அமர செட்டிங்ஸைக் குடைந்தேன். ரேம் 8 ஜிபி. பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டு இன்னொரு 8. பெட்டியில் இருந்த 16க்கு மேலே பொட்டளவு நட்சத்திரம், அதற்கான விளக்கம் பெட்டியின் அடிப்பக்கத்தில், போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால்தான் தெரிகிற அளவில். சேமிப்பிடத்தில் 8 ஜிபியை ஒதுக்கி அதையும் ரேம் என்று கணக்கு காட்டியிருக்கிறார்கள். சேமிப்பிடம் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. அலமாரியையும் மேசை என்று எண்ணி, எங்கள் வீட்டில் இரண்டு மேசை என்று சொல்வதுபோல. சார்ஜரும் 10 வாட்தான் கொடுத்திருந்தார்கள். 8,000 எம்ஏஎச் பேட்டரி, ஏறக்குறைய 30 வாட்-அவர், நிரம்ப நாலு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. போகட்டும், ஒரு படமாவது பார்ப்போம் என்றால் மங்கல். திரை முழு எச்டிதான். படத்தைத் திருட்டு நகலெடுக்காமல் காக்கும் வைட்வைன் என்ற பூட்டில், உயர்ந்த நிலையான எல்1 இல்லாமல் எல்3 மட்டும் இருக்கிற கருவிக்கு, காசு கட்டிப் பார்க்கிற பல செயலிகள் எச்டி தருவதில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சிரிப்புதான் வந்தது.

ஊர் திரும்பியதும் நேரே கடைக்குப் போனேன். பையன் என்னைப் பார்த்ததும் "சொல்லுங்க மேடம்" என்றான். அக்கா உறவு பத்து நாளில் முறிந்திருந்தது. மேனேஜரைக் கூப்பிட்டுவிட்டு, ஷோகேஸ் கண்ணாடியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி.

"சீல் உடைச்சாச்சு, ஆக்டிவேட்டும் பண்ணியாச்சு. திரும்ப எடுக்க மாட்டோம் மேடம்."

"சிம் போடலாம், புரொஜெக்டர்ல வரும்னு உங்க ஆளு சொன்னாரே."

"பில்லுல எழுதியிருக்கா?"

பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும்தான். சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. பழுது என்றால் சர்வீஸ் சென்டருக்குப் போகலாம், ஆனால் என் டேபில் ஒரு பழுதும் இல்லை. அது என்னவோ அதுவாகத்தான் இருக்கிறது, அதை வேறொன்று என்று சொல்லி விற்றதுதான் பிரச்சினை. அதற்கு எந்த சர்வீஸ் சென்டர்?

வேண்டுமானால் எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறோம் என்றார். கொடுத்ததில் பாதிகூடத் தேறாது. பதிலுக்கு அவர் காட்டிய லேப்டாப் 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பிடம், விண்டோஸ் எஸ் மோடு. "விண்டோஸ் 11க்கு கம்பெனியே சொன்ன அளவு மேடம்" என்றார். பொய் இல்லை. 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும்தான் மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சம். நிறுவுவதற்கு அது போதும், அதன் மேல் உட்கார்ந்து வேலை பார்க்கிறவளுக்குப் போதாது. இஎம்எம்சி பெரும்பாலும் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது, எஸ்எஸ்டி மாதிரி கழற்றிப் பெரிதாகப் போட முடியாது. எஸ் மோடில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருக்கிற செயலிகள் மட்டுமே ஏறும். அந்தப் பூட்டைக் காசில்லாமல் எடுத்துவிடலாம், 64 ஜிபியை என்ன செய்வது? வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இவ்வளவுக்கும் பிறகு டேப் கூடாது என்று சொல்லவில்லை. பிடிஎஃபில் வரும் மெய்ப்பைப் பேனாவால் திருத்த, படுத்துக்கொண்டு படிக்க அதற்கு இணை கிடையாது. இப்போதும் அதற்குத்தான் வைத்திருக்கிறேன். வரைபடம், டிக்கெட், அழைப்பு எல்லாம் போன் வேலை. வைஃபை ஐபேடுகளில் ஜிபிஎஸ்ஸே கிடையாது, வழி தேட அவற்றை நம்பக் கூடாது. ஒன்றை உட்கார்ந்து செய்து முடித்து இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும் என்றால் லேப்டாப்தான். பயணத்தில் மின்னஞ்சலும் படமும் மட்டுமே உங்கள் வேலை என்றால் ஏற்கெனவே கையில் இருக்கிற போனே போதும், எதையும் வாங்காதீர்கள்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால், உங்கள் கோப்புகளிலேயே முரண்டு பிடிக்கிற கோப்பு எதுவோ அதைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள். கடையில் திறந்து, நாலு வரி திருத்தி, சேமித்துக் காட்டச் சொல்லுங்கள். அங்கே டிவிக்கா பஞ்சம்? கேபிளைச் செருகிப் படம் வருகிறதா பாருங்கள். சிம் தட்டைக் கழற்றச் சொல்லுங்கள். வாயால் சொல்கிற ஒவ்வொன்றையும் பில்லின் பின்பக்கமாவது எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற இடம் எதுவோ, பொய் அங்கேதான்.

நான் கடைசியில் பழைய லேப்டாப்தான் வாங்கினேன். அங்கேயும் ஒருவர் "ஐ7, புதுசு மாதிரி, விண்டோஸ் 11" என்று ஆரம்பித்தார். புராசஸர் பெயரில் ஐ7க்குப் பிறகு வரும் எண்ணைப் பார்த்தேன், 6இல் தொடங்கியது. ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்ட இன்டெல் பட்டியல் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. குறுக்கு வழியில் ஏற்றியிருந்தார்கள். விண்டோஸ் 10க்குத் திரும்பலாம் என்றால், அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பேட்டரி அறிக்கையைக் காட்டச் சொன்னேன். விண்டோஸிலேயே அதற்குக் கட்டளை இருக்கிறது, தயாரானபோது எவ்வளவு, இப்போது நிரம்பினால் எவ்வளவு என்று இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். பாதிக்கும் கீழே இருந்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே போய் வேறொன்றை எடுத்துவந்தார். எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, எடை 1.3 கிலோ. பாமினி கோப்பைத் திறந்தேன். தமிழ் தமிழாகத் தெரிந்தது. அதில்தான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று பழைய கடையிலிருந்து ஒரு செய்தி. "அக்கா, டேப் எப்படிப் போகுது? ஒரு அஞ்சு ஸ்டார் மட்டும் போட்டுடுங்க."